ஊக்குப் போட்ட தொப்பி

செல்வமணி மிஸ்ஸி காலமான செய்தி வந்தபோது, அவருக்கு அனுப்புவதற்காக என் கம்பளித் தொப்பியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். பொங்கல் முடிந்த வாரம். முகவரி எழுதியாகிவிட்டது, சணல் கயிறு கட்டுவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தமையன் மகன் எழுதிய கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் வந்தாராம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தாராம். மாலையில் தேநீருக்கு எழுப்பப் போனபோது உயிர் இல்லையாம். அடக்கமும் முடிந்திருந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, எதற்கென்று தெரியாமலே பார்சலுக்குக் கயிறு கட்டி முடித்தேன்.

துக்கச் செய்தி கேட்டதும் கண் கலங்கும் பழக்கம் எனக்கு இல்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே இதை அழாமல்தான் எழுதுகிறேன். டயகமப் பக்கத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் பிறந்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் தோட்டத்து மருத்துவச்சி, நான் டிஸ்பென்சர். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர் ஜனங்கள் அவரை மிஸ்ஸியம்மா என்றார்கள். என்னை, என் தகுதிக்கு மேலேயே, டாக்டரையா என்றார்கள். அவர் யாழ்ப்பாணத்து வேதக்காரர், மிஷன் விடுதியில் வளர்ந்தவர், கலியாணம் செய்துகொள்ளாதவர். நான் இதே மலையில் பிறந்து, இதே மழையில் நனைந்து வளர்ந்தவன். எங்கள் இருவருக்கும் அநேகமாக எதிலும் ஒத்துப்போகாது.

தீபாவளி முடிந்ததும் அவருடைய கையில் கொக்கி ஊசி ஏறிவிடும். கோட்டுப் பையில் நூல் பந்து கிடக்கும். பிரசவத்துக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம், லயத்துக் காம்பராவின் வாசலில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார். உள்ளே வலி கூடினால் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்து போவார். இயேசு பிறந்த நத்தார் பண்டிகை வருவதற்குள் கிளாக்கர் வீட்டுக்கு மேசை விரிப்பு, பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கழுத்துத் துண்டு, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குக் கையுறை என்று எல்லாம் தயாராகிவிடும். எனக்கு மட்டும் அவர் வந்த முதல் வருட நத்தாருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் எதையும் மெச்சாதவன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை.

அந்த முதல் வருடம் அவர் அதிகமாகப் பின்னியது தொப்பிகள்தான். மார்கழியிலும் தையிலும் எங்கள் பக்கத்தில் கொழுந்தே கருகிப்போகிற மாதிரிப் பனி விழும். பச்சைப் பிள்ளைகள் அந்த இரண்டு மாதத்தில்தான் அதிகமாகத் தவறின. தோட்டத்தில் கொடுக்கும் கறுப்புக் கம்பளி குழந்தையின் தோலில் முள்ளாகக் குத்தும். பழைய வேட்டித் துணியைத் தலையில் சுற்றினால் ஈரக் காற்றில் அதுவும் நமத்துப்போகும். அதனால் நுவரெலியாவில் மெத்தென்ற கம்பளி நூல் வாங்கி வந்து, சிவப்பிலும் வெள்ளையிலும் சின்னச் சின்னத் தொப்பிகளாகப் பின்னி, நத்தாருக்கு முந்தின நாள் லயம் லயமாகப் போய்க் கொடுத்தார். தாய்மார்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். மிஸ்ஸி பூரித்துப் போய் வந்தார்.

மறுவாரம் நாங்கள் இருவரும் சுற்றுக்குப் போனோம். ஒரு குழந்தையின் தலையிலும் தொப்பி இல்லை. ஒரு வீட்டில் அது முருகன் படத்தின் ஆணியில் தொங்கியது. இன்னொரு வீட்டில் வெற்றிலைப் பையாகியிருந்தது. கடைசி லயத்தில் ஒரு கன்றுக்குட்டி அதைப் போட்டுக்கொண்டு நின்றது. காதுக்கு ஓட்டைகூடப் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு முகம் செத்துப்போயிற்று.

“இஞ்ச பாருங்கோ டிஸ்பென்சர், நான் வேதத்துக்கு ஆள் பிடிக்கிறன் எண்டு நினைக்கினமோ?” என்று கேட்டார்.

எனக்குக் காரணம் தெரியும். பெண் பிள்ளைக்கு, அதுவும் மருத்துவச்சிக்கு, இது தெரியாமலிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த லயத்துக் காளியம்மா சொல்லிவிட்டாள். அவளுக்கு மூத்தது ஒரு பெண். அடுத்த இரண்டையும் பிறந்த சில நாட்களிலேயே பனிக்குப் பறிகொடுத்திருந்தாள். இப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள், தைக்குள் பிரசவம்.

“தப்பா நெனைக்காதீங்க மிஸ்ஸியம்மா. பேரு வைக்கிற வரைக்கும் பச்சப்புள்ளைக்குப் புதுசு போட மாட்டோங்க. நல்லா வாழ்ந்த ஒடம்புல கெடந்த பழசத்தான் போடுவோம். நீங்க குடுத்தது அம்புட்டும் புதுசுங்களே.”

“பழசு போட்ட உன்ர ரெண்டு பிள்ளையும் என்ன ஆச்சுது?” என்று மிஸ்ஸி கேட்டுவிட்டார். கேட்ட மறுகணமே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

காளியம்மா கோபிக்கவில்லை. “பழசு போட்டே போயிருச்சுங்க. புதுசு போட்டுப் போனா நாந்தானே கொன்னேம்பாங்க,” என்றாள்.

திரும்பி வரும்போது மிஸ்ஸி விறுவிறுவென்று முன்னால் நடந்தார். மருந்துச்சாலை வாசலில் நின்று என்னையே பார்த்தார். குறிப்பாக என் தலையைப் பார்த்தார். அது அப்போதே வழுக்கை.

“உங்களுக்குக் கடைசியாய் எப்ப காய்ச்சல் வந்தது?”

“எனக்கா? வந்ததே இல்லை,” என்றேன் பெருமையாக. அந்தப் பெருமையை நான் லயமெல்லாம் பரப்பியும் வைத்திருந்தேன்.

இரண்டு நாளில் எனக்கு ஒரு தொப்பி வந்துவிட்டது. சிவப்பு நூலில், காதை மூடும்படி, என் தலைக்கு அளவெடுத்த மாதிரி. ஆனால் கடைசிக் கண்ணியை இறுக்கி முடிக்காமல் ஓர் ஊக்குப் போட்டு நிறுத்தியிருந்தார். நூலின் நுனி என் காதோரம் தொங்கிக் கூச்சம் காட்டியது. முடிச்சுப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

“முடிச்சுப் போட்டால் அவிழ்க்கேக்கை நூல் அறுந்து போகும். பொங்கல் வரைக்கும் போடுங்கோ. பிறகு நான் அவிழ்த்துப் பிள்ளையளுக்குப் பின்னுறன். உங்கட மண்டை பெரிசு, மூண்டு பிள்ளைக்குக் காணும். ஊக்கை மட்டும் தொலைச்சுப் போடாதேங்கோ.”

அதாவது பரிசு எனக்கு இல்லை, என் தலை வெறும் பழசாக்கும் இயந்திரம். முடியாது என்று சொல்லியிருப்பேன். அந்த வருடம் பனி கடுமையாக இருந்ததால் போட்டுக்கொண்டேன். காலைப் பெரட்டுக்கு ஆட்களைக் கணக்கெடுக்க வந்த தோட்டத்துத் துரை, காதுக்கு மேலே மின்னும் ஊக்கைச் சுட்டிக்காட்டி, “அது என்னா, டிஸ்பென்சர்?” என்றார். மருந்து சம்பந்தப்பட்டது என்று சொல்லிவைத்தேன். அவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

மிஸ்ஸி முதலில் காளியம்மாவிடம் போய்க் கேட்டார். டாக்டரையா தலையில் கிடந்த நூல் என்றால் போடுவாயா என்று. அவள் நேரில் வந்து என்னைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள், மாட்டைப் பார்க்கிற மாதிரி. “ஐயாவுக்கு ஒரு தும்மலு வந்துகூட நாங்க பாத்ததில்லைங்க. போடலாம்,” என்றாள். பொங்கல் கழிந்து அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. என் தொப்பியை அவிழ்த்துப் பின்னிய முதல் தொப்பி அவன் தலைக்குத்தான் போயிற்று. அவன் பிழைத்தான். தொப்பிதான் பிழைக்க வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து கலக்கிறவன் அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. ஆனால் அந்தத் தையில் அவன் தலை சூடாக இருந்தது என்பதை நானே கை வைத்துப் பார்த்தேன்.

அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. ஒவ்வொரு நத்தாருக்கும் எனக்கு ஒரு தொப்பி, ஒவ்வொரு பொங்கலுக்கும் வழுக்கைத் தலை. ஊக்கு மட்டும் மாறவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க நான் மறந்த நாளில் மழையில் நனைந்துகொண்டு என் குவார்ட்டஸுக்கு வந்து கேட்டு வாங்கிப் போனார்.

ஒரு வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அதுவும் நத்தார் கழிந்த மறுநாள், தொப்பி தலையில் இருக்கும்போதே. யாருக்கும் தெரியக் கூடாதென்று, பல்வலி என்று சொல்லி அனுப்பிவிட்டுப் படுத்திருந்தேன். மிஸ்ஸி வந்து நெற்றியைத் தொட்டார். என் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி, ஊக்கை எடுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரசரவென்று அவிழ்க்க ஆரம்பித்தார்.

“மிஸ்ஸி, யாருக்கும் தெரியாது,” என்றேன்.

“எனக்குத் தெரியும்.”

“நூலைக் கொதிக்க வைத்தால் போச்சு. நீங்களா இதையெல்லாம் நம்புறீங்க?”

“நான் நம்பேல்லை. அவை நம்பினம். அது காணும்.”

அந்த நூல் துரை பங்களா நாய்க்குச் சட்டையாயிற்று. அதோடு விடவில்லை, நேரே லயத்துக்குப் போய், டிஸ்பென்சருக்குக் காய்ச்சல், இந்த வருடம் அவருடைய தலை சரிவராது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை. மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம், “ஐயாவுக்கு இப்ப எப்புடிங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் தங்கள் வியாதியைச் சொன்னார்கள். ஆனால் அன்று லயத்தில் நடந்ததைப் பிறகு காளியம்மா சொல்லிக் கேட்டேன். அதைக் கேட்ட பிறகு கோபம் போய்விட்டது.

எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மிஸ்ஸி தன் தலையைத் தொட்டுக் காட்டி, “இந்த வருசம் நான் போட்டுப் பழசாக்கட்டோ? என்ர தலை சரிவருமோ? நான் பிள்ளை பெறாதவள், யோசிச்சுச் சொல்லுங்கோ,” என்று கேட்டிருக்கிறார். பிள்ளை பெறாதவள் தொட்டது பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்பதையும் இதற்குள் தெரிந்துவைத்திருந்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். கூட்டத்தில் இருந்த ஒரு கிழவி ஏதோ சொல்ல வாயெடுத்தாளாம். காளியம்மா அவளை முந்திக்கொண்டாள்.

“நீங்களா புள்ள பெறாதவங்க? இந்த லயத்துல நீங்க பெறாத புள்ள எதுங்க?”

மிஸ்ஸி அப்போது என்ன செய்தார் என்று கேட்டேன். “ஒன்னும் செய்யலைங்க. கொக்கி ஊசிய தலையிலேருந்து எடுத்தாங்க, திரும்பச் சொருகுனாங்க, திரும்ப எடுத்தாங்க,” என்றாள். அந்த மார்கழியில் மிஸ்ஸி பச்சை நிறத் தொப்பியைப் போட்டுக்கொண்டு தோட்டமெல்லாம் சுற்றினார். கொண்டையின் மேல் அது கோபுரம்போல நின்றது. நான் கேலி செய்தேன், அவர் காதில் வாங்கவில்லை. அடுத்த வருடம் என் தலைக்கு மறுபடியும் பதவி கிடைத்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும் அவர் விடவில்லை. நத்தாருக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து பார்சல் வரும். பொங்கல் கழிந்ததும் நான் தொப்பியைத் திருப்பி அனுப்புவேன். மாசி பிறப்பதற்குள் குட்டித் தொப்பிகள் வந்து சேரும், கூடவே ஒரு வரி: “ஊக்கு கிடைத்தது.” அந்த வெயில் ஊரில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறாரே என்று அக்கம்பக்கத்தார் சிரித்திருப்பார்கள். சிரித்தார்களா என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்க முடியாது என்பது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

செய்தி வந்த மூன்றாம் நாள் காளியம்மா மருந்துச்சாலைக்கு வந்தாள். அவளுடைய மூத்த பெண்ணுக்கு முந்தின நாள் பெண் குழந்தை பிறந்திருந்தது. தொப்பி வந்துவிட்டதா என்று கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்படி அழத் தெரிந்தவர்கள் மேல் எனக்கு அன்று பொறாமையாக இருந்தது. அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோது மேசையிலிருந்த பார்சல் அவள் கண்ணில் பட்டது.

“அது என்னாங்க?”

“இந்த வருடத் தொப்பி. அவிழ்த்துப் பின்ன ஆள் இல்லை.”

“அதை எதுக்குங்க அவுக்கணும்? அப்படியே குடுங்க. ஒங்க தலை பெருசுதானுங்களே. புள்ளையவே தூக்கி உள்ள வச்சிரலாம்.”

மிஸ்ஸி இருந்திருந்தால் இதைக் கேட்டு ரசித்திருப்பார். நான் கயிற்றை அறுத்துத் தொப்பியை எடுத்தேன். ஊக்கோடு கொடுக்க முடியாது, பிள்ளையைக் குத்தும். எடுத்தாலோ தொப்பி அவிழ்ந்து போகும். கடைசிக் கண்ணிக்குள் நூலின் நுனியை இழுத்து, காயம் தைக்கும்போது போடுவது போல இறுக்கி முடிச்சுப் போட்டேன். இத்தனை வருடத்தில் அவருடைய தொப்பிக்கு விழுந்த முதல் முடிச்சு அது. இனி அதை யாரும் அவிழ்க்க முடியாது.

மாலையில் போய்ப் பார்த்தேன். குழந்தை அக்குள் வரை என் தொப்பிக்குள் இருந்தது, நன்றாகத் தூங்கியது. திரும்பும்போது பனி இறங்கிவிட்டது, தலை குளிர்ந்தது. செல்வமணி மிஸ்ஸி எனக்குத் தந்த தொப்பிகளில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவருடைய ஊக்கு இருக்கிறது. கோட்டின் உள்பக்கம் குத்தி வைத்திருக்கிறேன். திருப்பிக் கேட்க இனி யாரும் வரமாட்டார்கள்.