மகளுக்கு வாங்கிய கடல் தூண்டில்

மகளுக்கு நாளைக்குப் பிறந்தநாள். தூத்துக்குடிப் பக்கம் டீச்சரா இருக்கா. கடற்கரையில நின்னு மீன் பிடிக்க ராடு கேட்டிருந்தா. இன்னைக்கு திண்டுக்கல்ல ஒரு தூண்டில் கடைக்குப் போனேன்.

"மக கடல்ல மீன் பிடிக்கணுமாம், விலை கம்மியா, நல்லதா ஒண்ணு குடுங்க"ன்னேன்.

கடைக்காரர் பன்னெண்டு அடி ராடை நீட்டினார். "அலையில இறங்கி நின்னு வீசுனாத்தான் தூரம் போகும். பிள்ளைக்கு நீச்சல் தெரியும்ல?"

ஆத்தூர் டேமையே தள்ளி நின்னு பாக்குற குடும்பம் நாங்க.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். "ஏத்தா, எம்புட்டு ஆழம் இறங்குவ?"

"முழங்கால் வரைக்கும்தான்ப்பா. பயப்படாதீங்க."

அது அலைக்குத் தெரியுமா?

ராடோட ஒரு லைஃப் ஜாக்கெட்டும் வாங்கி அனுப்பிட்டேன். ராடை விட அதுதான் விலை ஜாஸ்தி.

பிள்ளை பெத்தவங்க சொல்லுங்க, அதைப் போடுவாளா?