மகாராஜா எழுந்தால்தான் பாடம்

போன திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடமே ஒரு பையனின் தூக்கம் கலைவதற்காகக் காத்திருந்தது.

பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்! பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சியின் வீட்டுக் கூடம். அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் நான் உபாத்திச்சி. பெரியவள் காந்திமதிக்குப் பதினொரு வயது. அடுத்தவள் செல்லம்மாளுக்கு எட்டு. கடைக்குட்டி நெல்லையப்பனுக்கு ஐந்து.

முதல் நாளே டைம்டேபிள் போட்டுவிட்டேன். பெரியவள் வாசிக்கும்போது சின்னவள் கணக்குப் போடுவாள், பையன் மணலில் 'அ' எழுதுவான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதுகூடவா எனக்குத் தெரியாது?

அண்ணாச்சியிடம் வேறு சட்டம் இருந்தது. ஆண்பிள்ளை உட்காராமல் வீட்டில் பாடம் தொடங்கக் கூடாதாம். சரி, எழுப்புங்கள் என்றால்... தூங்குகிற ஆண்பிள்ளையை எழுப்பவும் கூடாதாம்! மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயிலே விட்டாயிற்று. இந்த வீட்டில் பாடம் மட்டும் நகராது.

பெண்கள் இருவரும் சிலேட்டோடு காத்திருப்பார்கள். மகாராஜா எழுந்து, பால் குடித்து, முரண்டு பிடித்து முடிப்பதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிட்டுவிடுவாள். "ஏட்டி காந்தி, உலை கொதிக்கு, வா!"

திங்கட்கிழமை கேட்டேவிட்டேன். "அண்ணாச்சி, பெரியவளாவது முன்னால தொடங்கட்டுமே?"

"அவளுக்கு இனி எதுக்கும்மா படிப்பு? தையோட நிப்பாட்டிரலாம்னு இருக்கேன். மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்லா!"

காந்திமதி சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. 'தைக்குள்ள மூணாம் புத்தகம் முடிச்சிரலாமா?' என்று அவள் முந்தின வாரம் என்னிடம் ஏன் கேட்டாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

நியாயம் பேசிப் பயனில்லை. அவருக்குப் புரிகிற பாஷையில் பேசினேன். "அக்கா கையைப் பிடிச்சாத்தான் தம்பி எழுதுதான். அவ போயிட்டா அவன் படிப்பு என்ன ஆகும்?"

மகள் படிப்பு நிற்பதற்கு அசையாத மீசை, மகனுடைய ஆனா ஆவன்னாவுக்குத் துடித்தது!

அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த பையனைப் பிடித்தார். "ஏலே நெல்லையப்பா, அக்கா இல்லாம எழுத மாட்டியோ?"

"மாட்டேன். அவ போனா நானும் போயிருவேன்."

"அப்பம் இவன் ரெண்டாம் புத்தகம் முடிக்குற வரைக்கும் அவ இருக்கட்டும். மாப்பிள்ளைப் பேச்சைப் பொறவு வச்சிக்கிடலாம்."

"உலையை யாரு பாக்க?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"நீ பாரு! பிள்ளை படிப்பு பெருசா, உன் உலை பெருசா?"

பிள்ளை என்றால் எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இன்னொன்றையும் வாங்கிக்கொண்டேன். "தம்பி எழும்புறதுக்கு முன்னால அவன் பாடத்தை இவங்க ரெண்டு பேரும் தயார் பண்ணி வைக்கணுமே?"

"தாராளமா பண்ணட்டும்!"

சட்டம் எங்கே போயிற்று? மகனுக்கு லாபம் என்றதும் ஆவியாகிவிட்டது. இந்த ஊரில் அக்கா படிக்க வேண்டுமானால் அதில் தம்பிக்கு ஏதாவது கிடைக்க வேண்டும்.

இப்போது விடிந்ததும் எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கிவிடுகிறது. தம்பியின் பாடத்துக்கு எத்தனை நேரம் ஆகிவிடும்? மீதி நேரமெல்லாம் காந்திமதியின் மூன்றாம் புத்தகத்துக்குத்தான்.

நேற்று வெயில் கூடத்துக்குள் வந்த பிறகு செல்லம்மாள் கேட்டாள். "தம்பியை எழுப்பட்டுமா, உபாத்திச்சியம்மா?"

வேண்டாம், கண்ணே... மகாராஜா தூங்கட்டும். ரெண்டாம் புத்தகத்துக்கு என்ன அவசரம்?