சுதர்சினி திருத்திய வரிசை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு சுதர்சினியின் தம்பி சாவுச் செய்தி சொல்லத் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, எங்கட சுதர்சினி அக்கா மோசம் போயிட்டா. டெங்கு எண்டு சொல்லினம்." நான் "சரி தம்பி" என்றேன். பிறகு கணினியில் பாதியில் நின்ற வரியை எழுதி முடித்தேன். அந்த வரியில் பிழையில்லை.

கிளிநொச்சியில் ஆறு பேர் வேலை செய்யும் எங்கள் மென்பொருள் அலுவலகத்துக்கு சுதர்சினி துணுக்காயிலிருந்து பேருந்தில் வருவார். நேர்முகத் தேர்வில் நான்தான் கேட்டேன்: "வெறுமையான வரிசையில் முதல் ஆளைக் கேட்டால் என்ன வரும்?"

"தெரியாது அக்கா. செய்து பாக்கட்டே?" என்றார். மற்றவர்கள் எதையோ சொல்லிச் சமாளித்திருந்தார்கள். அவரையே எடுத்தோம்.

அப்போது ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்கு நோயாளர் வரிசையை நான் எழுதியிருந்தேன். 'டெக்' என்னும் இருமுனை வரிசை அது. வருகிறவர்கள் பின்னால் சேர்வார்கள். அவசரமானவரை முன்னால் நிறுத்தலாம். இடையில் இருப்பவரையும் எண்ணைச் சொல்லி எடுக்கலாம். எண்ணை அடைப்புக்குறிக்குள் கொடுத்தால், அங்கே ஆள் இருக்கிறாரா என்று அது பார்ப்பதில்லை. அந்த இடத்தில் கிடப்பதை, நீக்கிய பழைய பெயரானாலும், தந்துவிடும். நான் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டேன்; கடைசி ஆளுக்கு அடுத்த இடத்தில் கிடப்பதையும் திரை காட்டும்.

ஒருநாள் வரிசையின் கடைசியில் இருந்த முதியவர் மயங்கி விழுந்தார். பெயரை நீக்கிவிட்டு அம்புலன்ஸில் ஏற்றினார்கள். வழியிலேயே இறந்துபோனார். அவருக்குப் பின் வேறு யாரும் வரவில்லை. மருத்துவக் குறிப்புக் கொப்பியை எடுக்க அவருடைய மகள் திரும்பி வந்தபோது, சுவரிலிருந்த திரையில் தகப்பனின் பெயர் கடைசியாக நின்றது. "அப்பா உயிரோடை இருக்கிறாரோ?" என்று தாதியிடம் கேட்டாராம்.

பிழையைக் கண்டுபிடிக்க சுதர்சினிக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கூட்டிய ஒன்றைக் கழித்து, எல்லா அடைப்புக்குறிகளையும் நீக்கி 'அட்' என்னும் கட்டளையாக மாற்றினார். அது எல்லையைப் பார்க்கும். ஆள் இல்லாவிட்டால் மறுத்துவிடும். பிறகு கைப்பையை எடுத்தார்.

"வாங்கோ அக்கா, அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லிப்போட்டு வருவம்."

"என்னெண்டு சொல்லுறது?"

"பிழை எங்கட எண்டு. வேறென்ன?"

உடையார்கட்டு என்ற ஊரில், அந்த முதியவரின் செத்தவீட்டுப் பந்தலுக்கு வெளியே, சுதர்சினி "நாங்கள் பிழையா எழுதிப்போட்டம்" என்றார். எழுதியது நான் மட்டுமே என்று அங்கும் சொல்லவில்லை, பிறகு அலுவலகத்திலும் சொல்லவில்லை. அந்த மகள் எங்கள் இருவரையும் பார்த்தார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

போன வியாழன் சுதர்சினி வேலைக்கு வரவில்லை. ஞாயிறு பின்னேரம் செய்தி அனுப்பினார்: "காய்ச்சல் விட்டிட்டுது அக்கா. நாளைக்கு வாறன்." "ஆறுதலா வாங்கோ" என்று பதில் போட்டேன். டெங்குவில் காய்ச்சல் விடும் வேளைதான் ஆபத்தானது என்று அப்போது எனக்குத் தெரியாது. திங்கள் மதியம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம்.

துணுக்காயில் இப்போது அறுவடைக் காலம். சவப்பெட்டியைத் தூக்கியபோது பெண்கள் நாங்கள் வாசல் படலையடியில் நின்றுவிட்டோம். அவருடைய அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தப் பிடி எனக்கு உறைக்கவில்லை. வீதியோர வயலில் அறுவடை இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் சாரதி இறங்கினார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஊர்வலம் வளைவில் மறைந்த பிறகு மறுபடி ஏறினார். வைக்கோல் தூசி எங்கள் பக்கம் வந்தது.

போய்வாருங்கள், சுதர்சினி. நான் இன்னும் அழவில்லை.