‘காத்தி’க்கு அப்புறம்

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் நான் பாடகி. ஆனால் மேடையில் பாடுவது கிடையாது. கேட்டால் சிரிப்பீர்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சென்னையிலிருந்து வரும் விருந்தினர் பாடகிகள் ஒத்திகைக்கு வர மாட்டார்கள். நிகழ்ச்சி அன்றைக்குக் காரில் வந்து இறங்கி, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நேரே மேடையேறுவார்கள். அதனால் தஞ்சாவூரில் கீபோர்டு அண்ணன் வீட்டு மாடியில் நடக்கும் ஒத்திகைகளில் அவர்களுடைய பாட்டையெல்லாம் நான்தான் பாடிக் கொடுப்பேன். வாத்தியக்காரர்கள் என் குரலை வைத்துத்தான் எங்கே நிற்பது, எங்கே எடுப்பது என்று பழகிக்கொள்வார்கள். மேடை என்று வந்துவிட்டால் எனக்குப் பின் வரிசையில் ஒரு மைக். ‘ம்ம்ம்’ என்றும் ‘லாலலா’ என்றும் யாரோ ஒரு பெண் முனகுவது உங்களுக்குக் கேட்டிருந்தால் அது நான்தான். ஐம்பத்து மூன்று வயதில், முட்டி வலியோடு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு லாலலா.

கீபோர்டு அண்ணன்தான் குழுவை நடத்துகிறவர். முன்பெல்லாம் எல்லாப் பெண் குரலும் நானே. கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கட்சி மாநாடு என்று டெல்டாவில் நான் பாடாத ஊர் இல்லை. பிறகு செல்போனிலேயே எல்லாப் பாட்டும் வந்துவிட்டது, எங்களைக் கூப்பிட ஆள் குறைந்துபோனது. அப்போதுதான் அண்ணனுக்கு இந்தக் கேசட் கச்சேரி யோசனை வந்தது. தனித்தனிப் பாட்டாக இல்லாமல், ஜனங்கள் சின்ன வயதில் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட ஒரு கேசட்டை அதே வரிசையில் முழுசாக வாசிப்பது. முதலில் ஏ சைடு, நடுவில் டீ, வடை, அப்புறம் பி சைடு. கூடவே டிவி போட்டியில் ஜெயித்த முகம் ஒன்று. யோசனை நன்றாக ஓடியது. ஓடிய அளவுக்கு நான் பின்னால் போனேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்றால் அவர்கள் கேட்பது ஒரே ஒரு கேசட். அந்தக் காலத்தில் அங்கே ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்ததாம். அதை வைத்திருந்தவர் தன் ருசிக்குப் பாட்டுகளைப் பொறுக்கி ஒரு தொண்ணூறு நிமிஷக் கேசட் பதிந்தார். அதிலிருந்து ஒருவர் பதிய, அவரிடம் வாங்கி இன்னொருவர் பதிய, தாலுகா முழுக்க வீட்டுக்கு ஒன்று பரவிவிட்டது. அந்த ஏ சைடின் கடைசிப் பாட்டு பாதியில் நின்றுவிடும். டேப் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் நின்ற இடம் வேடிக்கையானது. இரண்டாவது சரணத்தின் முதல் சொல் ‘காத்திருந்தேன்’. அதில் ‘காத்தி’ வரைக்கும் வரும், டக்கென்று அறுந்துவிடும்.

முப்பது வருஷத்தில் அது அந்த ஊரின் பேச்சிலேயே கலந்துவிட்டது. மோட்டார் ஓடும்போது கரண்ட் போனால் ‘காத்தி’. பஸ் நடுவழியில் நின்றால் ‘காத்தி ஆயிடுச்சு’. நிச்சயம் பண்ணி நின்றுபோன கல்யாணத்தைக்கூட அப்படித்தான் சொல்வார்கள். அண்ணன் அதையும் விடவில்லை. கச்சேரியில் அந்த இடம் வந்ததும் எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் நிற்கும், விளக்கு அணையும், கூட்டம் மொத்தமும் ‘காத்தி’ என்று கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கும். முழு நிகழ்ச்சியில் அதிகக் கைதட்டு அதற்குத்தான். பாடுவதற்கு இல்லை, நிறுத்துவதற்கு.

எனக்கு அது ஒவ்வொரு தடவையும் எரியும். நான் திருவிடைமருதூர்க்காரி. எங்கள் வீட்டில் அந்தக் கேசட் கிடையாது, ரேடியோதான். முழுப் பாட்டையும் கேட்டு வளர்ந்தவள். பல்லவியும் முதல் சரணமும் ஒரு பெண் வெளியூர் போனவனுக்காகச் சந்தோஷமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது. இரண்டாவது சரணத்தில் பாட்டே மாறிவிடும். காத்திருந்தேன், அலுத்துவிட்டது, போதும், இனிமேல் வராதே என்கிறாள். மெட்டும் அந்த நான்கு வரிக்கு மட்டும் கீழே இறங்கிப்போய் வேறு மாதிரி நடக்கும். இந்த ஊர்க்காரர்களோ அதைப் புது மாப்பிள்ளை பெண்ணுக்குப் போடுகிறார்கள். அறுத்துக்கொண்டு போகிறவளின் பாட்டை மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து கேட்கிறார்கள்.

அந்த நான்கு வரியை மேடையில் ஒரு தடவையாவது பாடிவிட வேண்டும், பாடிவிட்டு இந்த லாலலாவை விட்டுவிட வேண்டும் என்று இருந்தது. பெரிய ஆசை என்று சொல்ல மாட்டேன். பெரிய ஆசைகளுக்கெல்லாம் தெம்பு வேண்டும். எனக்கு மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

இந்தப் பொங்கலுக்கு மறுநாளைக்கு மறுநாள், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு எங்கள் கச்சேரி. எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல். பாதிப் பேர் துபாய், சிங்கப்பூர் என்று போய்வந்தவர்கள். ஏற்பாடு செய்தவரும் சிங்கப்பூரில் இருபத்தைந்து வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் வேலையை விட்டு வந்தவர். அவரும் அவர் மனைவியும் ஒரே வகுப்பில் படித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஆரம்பத்தில் மைக்கைப் பிடித்து அவர் சொன்னார்:

“ஏ சைடு கடைசிப் பாட்டு எங்க ரெண்டு பேரோட பாட்டுங்க. கல்யாணம் ஆகி நாலாவது மாசம் சிங்கப்பூர் போறப்ப அந்தக் கேசட்டத்தான் எடுத்துட்டுப் போனேன். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவதான் ஊருக்கு வருவேன். அது வரைக்கும் எனக்கு அந்தப் பாட்டுதான்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மைக்கை மனைவியிடம் நீட்டினார். முன் வரிசையில் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டார்.

விருந்தினர் பாடகி அன்றைக்கு வரவில்லை. காலையில் வேளாங்கண்ணிக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வருகிறேன் என்று போனவள், திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டாள். அறுவடை சமயம். அறுப்பு மெஷினை ஏற்றிய லாரி ஒன்று வாய்க்கால் பாலத்தில் திரும்ப முடியாமல் நிற்கிறதாம், பாதி ரோட்டில் நெல் காய்கிறதாம். “ஆன்ட்டி, பி சைடுக்குள்ள வந்துடுவேன் ஆன்ட்டி” என்று என்னிடம்தான் போனில் சொன்னாள். அக்கா என்று கூப்பிட்டால் குறைந்தா போய்விடுவாள்?

அண்ணன் என்னைப் பார்த்தார். “நீயே பாடிடும்மா. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

“சரிண்ணே.”

“காத்தியில கரெக்டா நிறுத்திடு. கெடுத்துடாத.”

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பேன். எத்தனையோ வருஷம் ஒத்திகையில் நான் நிறுத்திக் காட்டித்தான் மற்றவர்கள் நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். என்னிடமே ‘கெடுத்துடாத’ என்றதும் உள்ளே ஏதோ பொசுக்கென்று போனது.

ஏ சைடை நன்றாகவே பாடினேன். மேல் ஸ்தாயியில் இரண்டு இடங்களில் குரல் கொஞ்சம் கம்மியது, ஆனால் கூட்டம் கவனிக்கவில்லை. அவர்கள் என்னையா கேட்டார்கள்? தங்கள் பதினெட்டு வயதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பாட்டு வந்தது. ஏற்பாடு செய்தவர் மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். செல்போன்களெல்லாம் மேலே போயின. பல்லவி, முதல் சரணம், திரும்பப் பல்லவி. இரண்டாவது இடையிசையை அண்ணன் புல்லாங்குழல் சத்தத்தில் வாசித்தார். நான் மூச்சை இழுத்து ‘காத்தி’ என்றேன்.

வாத்தியங்கள் நின்றன. விளக்கு அணைந்தது. மண்டபமே ‘காத்தி’ என்று கத்தியது. விசில், சிரிப்பு. நான் மைக்கை இறக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரைக்கும் இருட்டில் நின்றேன். விளக்கு திரும்பி வந்ததும் ‘ருந்தேன்’ என்று எடுத்தேன்.

அண்ணன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். விரல் கீபோர்டின் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. யாரும் வாசிக்கவில்லை. சுருதிகூட இல்லாமல் அந்த நான்கு வரியையும் நான் தனியாகப் பாடினேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. மெய்மறந்த அமைதி என்று எழுத எனக்கும் ஆசைதான். அது அப்படி இல்லை. சோற்றில் கல் கடிபட்டால் ஒரு நிமிஷம் வாயை அசைக்காமல் இருப்போமே, அந்த மாதிரி. பின்னால் யாரோ, “மைக்க ஆஃப் பண்ணலியா?” என்று கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது. ‘போதும்’ என்று வரும் கடைசி வரியை முடித்து மைக்கை இறக்கினேன். நாலைந்து பேர் மரியாதைக்குத் தட்டினார்கள். டீ சாப்பிடப் போகலாம் என்று அறிவித்தார்கள்.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. இத்தனை வருஷம் மனசுக்குள் பாடிப் பார்த்ததில் வாத்தியங்கள் எல்லாம் இருந்தன.

அண்ணன் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, “ஏம்மா இப்படிப் பண்ணினே?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார்.

“பாட்டு அப்படித்தாண்ணே இருக்கு.”

“பாட்டு எப்படி இருந்தா என்னம்மா? அவங்களுக்கு எப்படி இருக்குன்னு பாக்கணும்ல?”

மேடைக்குப் பின்னால் டீ மேஜைக்குப் போனேன். ஏற்பாடு செய்தவர் என்னைத் தேடி அங்கேயே வந்துவிட்டார். மனைவியும் கூட வந்தார்.

“மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தக் கடைசி நாலு வரி நீங்களா சேத்ததுதானே?”

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முழுப் பாட்டும் உங்கள் போனிலேயே இருக்கும், தேடிப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். அதற்குள் அவரே பேசினார்.

“ஏன்னா அது எங்க பாட்டுங்க. வராதேன்னுல்லாம் அதுல வராது. நான் அங்க ராத்திரி ஷிப்டு முடிச்சுட்டு வந்து தினம் கேட்ட பாட்டு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் முகம் பயந்துபோயிருந்தது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்தார். எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் வடிந்துபோய் வெறும் அலுப்புதான் மிஞ்சியது. அந்த அம்மா பேப்பர் கப்பின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“ஆமாங்க. நானா சேத்ததுதான். மன்னிச்சுக்குங்க.”

“அதானே பாத்தேன்” என்றார். அவருக்கு மூச்சு திரும்பி வந்தது தெரிந்தது. “நல்லாதான் இருந்துச்சு மேடம். ஆனா நம்ம பாட்டுக்கு அது வேண்டாம்.” யாரோ கூப்பிட, போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. பாடியதும் போனது, பாடியது நிஜம் என்பதும் போனது, இரண்டையும் நானே கொடுத்துவிட்டு நிற்கிறேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். அந்த அம்மா போகாமல் அங்கேயே நின்றிருந்தார்.

“ஒரு எடத்துல தப்பாப் பாடிட்டீங்க” என்றார்.

“என்னங்க?”

“‘போதும் நீ வராதே’ன்னு பாடினீங்க. அது ‘இனி’. ‘போதும் இனி வராதே’ன்னு வரும்.” கப்பைப் பார்த்தபடியே அந்த வரியை முணுமுணுத்துக் காட்டினார். மெட்டு ஒரு இடத்திலும் பிசகவில்லை. நான் விட்டிருந்த சின்ன வளைவுகூட அதில் இருந்தது.

ஒத்திகையில் எத்தனை பேரை நான் திருத்தியிருக்கிறேன். என்னை ஒருவர் திருத்தி வெகு காலம் ஆகியிருந்தது. “ஆமாங்க, ‘இனி’தான்” என்றேன். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. “உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

மண்டபத்துக்குள் அவர் கணவர் நண்பர்களின் தோளில் கை போட்டுக்கொண்டு உரக்கப் பேசுவது கேட்டது. அந்த அம்மா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

“அவங்க மொத தடவ லீவுல வந்துட்டுத் திரும்பிப் போனாங்கள்ல, அப்பவே திருவாரூர் கடையில ஒரிஜினல் கேசட் வாங்கிட்டேன். தெனம் அதத்தான் போடுவேன். அவங்க ஊருக்கு வர்ற மாசம் மட்டும் எடுத்து பீரோவுல வெச்சுடுவேன்.”

கப்பைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.