பூஜையன்று நின்ற காற்றாலை

பட்டாபிராமில் எங்கள் குடியிருப்புக்குக் கிழக்கே ஒரு மாடி வீடு. அதன் சொந்தக்காரர் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவரே வடிவமைத்த காற்றாலை ஒன்றை மொட்டைமாடியில் உயரமான குழாய்மேல் நிறுத்தினார். வெயில் ஏறியதும் அதன் இறக்கை நிழல் எங்கள் சமையலறைச் சுவரில் வெட்டி வெட்டி ஓடும். என் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு சமைக்க ஆரம்பித்தாள். அப்படியும் வாரத்தில் பாதி நாள் படுத்துவிடுவாள்.

காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்கப் போனேன். வாசலில் அவரோடு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் சொன்னார்:

"காத்துக்கு ஏது சார் சுவிட்சு? நீங்க வோணா ஊட்டத் திருப்பி வெச்சிக்கோங்க."

எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆயுத பூஜை வந்தது. அன்று பட்டறைக்காரர்கள் எந்த இயந்திரத்தையும் ஓடவிட மாட்டார்கள். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு படம் போட்டார். மாலை, சந்தனப் பொட்டு, எலுமிச்சம்பழத்துடன் காற்றாலை அசையாமல் நிற்கிறது, அடியில் அவர். "பிரேக் போட்டு பூஜை" என்று கீழே எழுதியிருந்தார்.

நாளிதழில் பல வருடம் படங்களைச் சரிபார்த்தவன் நான். படத்தில் ஆள் நின்றால் அளவும் நிற்கிறது. அவர் உயரத்தை வைத்துக் குழாயின் உயரத்தைக் கணக்கிட்டேன். எங்கள் தலைக்கு மேல் விமானங்கள் தாழப் பறக்கும் பகுதி இது. உயரமாக எதை எழுப்பவும் அனுமதி வேண்டும். அந்த அனுமதி தரும் அலுவலகத்துக்கு ஒரு மனு போட்டேன். அதில் தலைவலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. உயரத்தை மட்டும் எழுதி, படத்தை இணைத்தேன்.

ஜீப்பில் இருவர் வந்து அளந்தார்கள். அனுமதிக் கடிதம் கேட்டார்கள். அவரிடம் இல்லை. ஒரு வாரத்துக்குள் இறக்கச் சொன்னார்கள்.

அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"மனுவ வாபஸ் வாங்கிக்கோங்க சார். அனுமதிக்கு எழுதிப் போடறேன். கெடச்சாலும் தெனம் காலைல பிரேக் போட்டு வெக்கிறேன்."

"காத்துக்கு சுவிட்ச் இல்லன்னீங்களே."

அவர் தரையைப் பார்த்தார். உள்ளிருந்து என் மனைவி, "அதான் நிறுத்தறேங்கறாரே, விட்டுடுங்க" என்றாள். நாங்கள் கேட்டது அவ்வளவுதான், அது கிடைத்துவிட்டது. மனு என் கையை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

கிரேன் வந்த காலை, பார்க்க வரும்படி மனைவியைக் கூப்பிட்டேன். போர்வையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. கடைசி இறக்கை லாரியில் ஏறும்வரை நான் நின்று பார்த்தேன்.

அடுத்த ஆயுத பூஜையன்று அதே படத்தை நானே குழுவில் போட்டேன். யாரும் எதுவும் எழுதவில்லை. அவர் மட்டும் ஒரு கும்பிடு போட்டிருந்தார். இந்த வருடமும் போடுவேன்.