சலேத்தம்மாளின் வெள்ளிக்கிழமைகள்

சலேத்தம்மாளுக்கு ஆண்டவர் கொடுத்த ஒரே சொத்து அவளுடைய தொண்டை. மதுரை கீழவாசலுக்குத் தெற்கே சந்து முனையில் நின்று, "அரைக்கீர, மொளக்கீர, பொன்னாங்கண்ணியோய்!" என்று ஒரு சத்தம் கொடுத்தாளானால், நாலு தெரு தள்ளி அரிசி களைந்துகொண்டிருப்பவள் பானையை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். ஆள் என்னவோ ஒட்டடைக்குச்சிதான். அந்த உடம்பில் இம்புட்டுச் சத்தம் எங்கேதான் ஒளிந்திருக்கிறதோ என்று தெருவே கேலி பேசும்.

கூடையை இறக்கி வைத்த பிறகுதான் சங்கடம். புருஷன் காலராவில் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. வீட்டுக்காரி மைதீன் பீவியின் வளவில், வரிசையாக இருந்த வாடகை அறைகளில் கடைசி அறை அவளுக்கு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் பேச ஒரு சீவன் கிடையாது. அதற்காகச் சும்மா இருக்கிறவளா அவள்? விற்காமல் மிஞ்சிய கீரைக்கட்டைத் திட்டுவாள். பற்றாத விறகை ஏசுவாள். சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தோடு சண்டை பிடிப்பாள். மாதாவும் பாவம், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சொந்தம் என்று ஆள் இல்லாமலும் இல்லை. கூடப் பிறந்த தம்பி சந்தியாகு திருமங்கலத்தில் பருத்தி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஆனால் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப் போயிருந்தது. ஆத்தா செத்த சேதி கேட்டு இவள் அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் குழியை மூடிவிட்டார்கள். சித்திரை வெயில், பிணம் தாங்காது என்று ஊர் அவசரப்படுத்தினால் சந்தியாகு என்ன செய்வான்? அந்த நியாயமெல்லாம் அவளுக்கு ஏறவில்லை. பெற்றவள் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க விடவில்லையே! மண்ணை வாரித் தூற்றினாள். குழிமேட்டில் நட்டிருந்த சிலுவையில் கையை அடித்து, "இந்தச் சிலுவ சத்தியமா இனி ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்டா" என்று கத்திவிட்டு வந்தாள்.

கோபத்தில் சொன்னது என்று விட்டிருக்கலாம். அவள் விட்டாளா? சந்தியாகுவின் பெண்டாட்டி பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தபோது சேதி வந்தது. அன்றைக்கும் போகவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினாள். வாய் கீரை கீரை என்றது, கண் அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. வீம்பு! அதற்கு வேறு பேர் கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். விபூதிப் புதனன்று காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்காரச் சாமியார் தமது புத்தகத் தமிழில் பிரசங்கம் வைத்தார். ஈஸ்டருக்கு முந்தின இந்த நாற்பது நாள் தபசு காலத்தில் உங்களுக்குப் பிரியமான ஒன்றை ஆண்டவருக்காக விட்டுவிடுங்கள். ஆனால் அதை ஊரறியத் தமுக்கடிக்காதீர்கள், வெளியே சொன்ன தவத்துக்கு மோட்சத்தில் பலன் கிடையாது என்றார்.

சலேத்தம்மாள் வீட்டுக்கு வந்து யோசித்தாள், யோசித்தாள், ஒன்றும் அகப்படவில்லை. கறி மீன் விடலாம் என்றால், கறி அவள் வீட்டு அடுப்பைப் பார்த்தே எத்தனையோ நாளாயிற்று. வெற்றிலை போடுகிற பழக்கம் இல்லை. உச்சிப்பொழுதில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிக்கிறதும், உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடி எடுத்து ஏழைகளுக்கென்று கலயத்தில் போடுகிறதும் வருஷா வருஷம் நடக்கிற காரியம். தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்கலாம். அதுவும் பாதி நாள் அப்படித்தான். கடைசியில் அவளுக்குச் சுருக்கென்று பட்டது. பேச்சு! இந்த உலகத்தில் அவளுக்கு ருசியாக இருந்தது அது ஒன்றுதானே.

மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். "தாயே, சந்தியாகு இந்த வாசலுக்கு வரணும். நான் போக முடியாது, சத்தியம் பண்ணிட்டேன். அவந்தான் வரணும். அதுக்கு என் வாய ஒங்கிட்ட தாரேன். தபசு முடியிற வரைக்கும் வெள்ளிக்கிழம தோறும், கண்ணு முழிச்சதுலருந்து சாயங்காலம் கோவில்ல சிலுவப்பாத செபம் முடியிற வரைக்கும் ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்றாள். மாதாவிடமே எப்படி நிபந்தனை போடுகிறாள் பாருங்கள்!

கீரைக்காரிக்கு வாய்தான் வியாபாரம். அதுவும் வெள்ளிக்கிழமை, விரதக்காரர்கள் நாலு கட்டுக் கூடுதலாக வாங்குகிற நாள். சத்தம் கேட்காததால் கீரைக்காரி வரவில்லை என்று நினைத்து ஒருத்தியும் வெளியே வரவில்லை. கூடை போன பாரத்தோடே திரும்பி வந்தது. வழியில் மடக்கி விலை கேட்டவர்களுக்கு விரலை நீட்டினாள். தொண்டையில் கையை வைத்துக் காட்டினாள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியக்கூடாது என்பதில் கெட்டியாக இருந்தாள்.

மைதீன் பீவிதான் தாங்காமல் போனாள். முதல் வாரம் பனங்கற்கண்டும் மிளகும் கொண்டுவந்து கொடுத்தாள். ரெண்டாம் வாரம் கஷாயம். மூன்றாம் வாரம் கதவுக்கு வெளியே நின்று, "யா அல்லா, வெள்ளிக்கெழமையாப் பாத்துப் பாத்து ஒனக்குத் தொண்ட கட்டுதே சலேத்தக்கா! இது வெறும் சளி இல்ல, காத்து கருப்பு. தர்காவுல ஒரு கயிறு மந்திரிச்சு வாங்கியாரட்டா?" என்றாள். சலேத்தம்மாள் தலையை ஆட்டிக் கும்பிட்டு அனுப்பினாள். உள்ளே வந்து சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்புறம் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. நாள் முழுக்க அறைக்குள் சத்தமே இல்லை. தன் குரலையாவது கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். அதுவும் இல்லையென்றானபோது தான் எவ்வளவு ஒண்டிக்கட்டை என்று முதல் தடவையாகத் தெரிந்து பயந்துபோனாள்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளி. உச்சிப்பொழுதுக்கு, அன்றைய ஒரே வேளைச் சோற்றை வடித்து இறக்கிவிட்டு உட்காரப் போனாள். வாசலில் நிழல் தட்டியது.

"அக்கா."

திரும்பினாள். நரைத்துப்போய், கன்னம் ஒட்டிப்போய் ஒரு மனுஷன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாந்தான்க்கா, சந்தியாகு."

அவள் ஓரடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தேவிட்டாள். அடுத்த நொடியே பல்லைக் கடித்து மூடிக்கொண்டாள். 'மாதாவே, கொண்டுவந்து விட்டுட்டியே! கொடுத்த வாய இப்பத் திருப்பி எடுத்தேன்னா, நீயும் இவனத் திருப்பி எடுத்துக்கிருவ. சாயங்காலம் வரைக்கும்தானே? இவன உக்கார வச்சுட்டா அப்புறம் விடிய விடியப் பேசிக்கிட்டே இருக்கலாம்' என்று மனசு கணக்குப் போட்டது. பரபரவென்று பாயை விரித்தாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். தன் சோற்றை அப்படியே வட்டிலில் போட்டு அவன் முன்னால் வைத்தாள். கண்ணீர் முகத்தில் வழிந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

இந்தச் சீமையில் பகையாளியே வாசலுக்கு வந்துவிட்டாலும் 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். அந்த வார்த்தை வராத வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். சந்தியாகு வட்டிலைத் தொடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேச மாட்டியா?"

அவள் வாயில் கையை வைத்துக் காட்டினாள். அவனுக்குப் புரியவில்லை. எப்படியாவது புரியவைக்க வேண்டுமே! சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய சிலுவையை விரலால் சுட்டிச் சுட்டிக் காட்டினாள். ஆண்டவருக்காகத்தான்டா என்று அவள் விரல் சொன்னது. அவன் கண்ணுக்குத் தெரிந்ததோ ஆத்தாவின் குழிமேட்டுச் சிலுவை.

"ஓ! சத்தியத்த மறக்கலங்கிற?" அவன் எழுந்துவிட்டான். "எம் பொண்டாட்டி செத்துக் கெடந்தப்ப நீ வரல. அதையும் மனசுலருந்து தூக்கிப் போட்டுட்டுத்தான்க்கா வந்தேன். ஒத்தையில கெடக்க முடியல, கூடப் பொறந்தவன்னு நீ ஒருத்திதான் இருக்கன்னு வந்தேன். பிச்சக்காரனுக்கு வைக்கிற மாதிரி சோத்த வச்சுட்ட. வான்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாய் வரல. நல்லா இரு."

அவன் விடுவிடென்று சந்தில் இறங்கிப் போனான். சலேத்தம்மாள் பின்னாலேயே ஓடினாள். சந்து முனையில் நின்றாள். கூட்டத்துக்குள் அவன் முதுகு தெரிந்தது. ஒரு சத்தம் போட்டால் போதும், நின்றுவிடுவான். தொண்டை வரைக்கும் அவன் பேர் வந்தது. வந்து அங்கேயே நின்றது. முதுகு மறைந்த பிறகும் அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. சாயங்காலம் சிலுவைப்பாதையில் எல்லோரும் ராகம் போட்டு ஜெபம் சொன்னபோது அவளுக்கு உதடு கூட அசையவில்லை. முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது திருமங்கலம் பஸ் எப்போதோ போயிருந்தது.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் சாமியாரிடம் பாவம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்கால் போட்டாள். ஒன்றுவிடாமல் கொட்டினாள். சாமியார் குனிந்து கேட்டார்.

"மகளே, ஆண்டவரிடத்தில் நீ கேட்டது என்ன?"

"எந் தம்பி வரணும்னு, சாமி."

"அவர் அனுப்பினாரா, இல்லையா?"

"அனுப்புனாரு சாமி."

"அவர் அனுப்பிய ஆளை நீ என்ன செய்தாய்?"

அவள் தொட்டிப் பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"இந்த நேர்ச்சையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த நிமிஷமே உன்னை அதிலிருந்து விடுவித்திருப்பேன். நீ செய்தது தவம் அன்று, பிடிவாதம். எழுந்து போ, அம்மா. என்னிடத்தில் இருக்காதே, அவனிடத்தில் போ."

கோவிலிலிருந்து நேரே பஸ்ஸுக்குப் போனாள். திருமங்கலத்தில் இறங்கி, கால் மறக்காத வழியில் நடந்தாள். சந்தியாகு வாசலில் வண்டியைச் சாய்த்து நிறுத்தி அச்சுக்கு மசகு மை போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான். வா என்று சொல்லவில்லை.

அவள் வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னாள். நேர்ச்சை, வெள்ளிக்கிழமை, விற்காத கீரை, சிலுவையைக் காட்டியது எதற்காக என்பது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அவன் கை வேலையை நிறுத்தவில்லை.

"கத நல்லாத்தான் இருக்கு. சாட்சிக்கு யாரு?"

அவள் திகைத்துப் போனாள். மைதீன் பீவியைக் கேட்டால் அவள் தொண்டைக்கட்டு என்பாள், காத்து கருப்பு என்பாள். ஊருக்குத் தெரியாமல் அத்தனை கெட்டியாக மறைத்து வைத்தாளே, இப்போது யாரைக் கூப்பிடுவாள்?

"ஆண்டவருக்குத் தெரியும்டா" என்றாள்.

"அவரும் வாயத் தொறக்க மாட்டாரு" என்றான் சந்தியாகு.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவன் மேல் இல்லை, தன் மேலேயே. சத்தியமாம், சத்தியம்! யாருக்கு வேண்டும் அது? "ஆத்தா, நீ என்னைய மன்னிச்சிரு" என்று சொல்லிக்கொண்டு வாசப்படியில் காலை வைத்தாள். யாரும் கூப்பிடாத வீட்டுக்குள் போனாள். பெருக்காத வீடு. கொடியில் செத்துப்போன அவன் பெண்டாட்டியின் சேலை ஒன்று இன்னும் கிடந்தது, தூசி படிந்து நிறமே தெரியவில்லை. இவனும் இந்த நாலு சுவருக்குள்தானே கிடந்திருக்கிறான் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்படியில் அவன் காய்ச்சி வைத்த கம்பங்கஞ்சி இருந்தது. கும்பாவில் ஊற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உச்சிப்பொழுது ஆகவில்லை, ஒருசந்தி முறிந்தது. வா என்று ஒரு வார்த்தை சொல்லாத வீட்டில், வெட்கம் மானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையை விட்டுக் கரைத்து விம்மி விம்மிக் குடித்தாள்.

வெளியே வேலைச் சத்தம் நின்றது. சந்தியாகு வாசல் நிலையில் வந்து நின்றான். அவள் குடிப்பதைப் பார்த்தான்.

"அதுல உப்புப் போடல" என்றான்.

"தெரியுது" என்றாள் அவள், தலை நிமிராமல்.

அவன் உள்ளே வந்து அவளுக்கு எதிரில் குந்தினான். கை ரெண்டும் வண்டி மையாக இருந்ததால், உப்புச்சட்டியை முழங்கையால் அவள் பக்கம் தள்ளினான்.