எண்ணூர் விடுதியில் நான் சரியாகக் கேட்காத கேள்வி

ஓதுவதும் படிப்பதும் ஒன்றா? எங்கள் வீடுகளில் குர்ஆனை ஓதுவோம், பள்ளிப் பாடத்தைப் படிப்போம். இரண்டுக்கும் நடுவில் என் தங்கை மகள் அஃப்ரின் மாட்டிக்கொண்டதால்தான் கடந்த ஜூனில் ஒரு புதன்கிழமை எண்ணூர் போனேன். பத்தாம் வகுப்பு முடித்தவளை அங்குள்ள பெண்கள் மதரசா விடுதியில் சேர்க்க அவள் அத்தாவுக்கு, என் தங்கை கணவருக்கு, ஆசை. "ப்ளஸ் டூ எழுத விட்டா எனக்குச் சம்மதம். நீ போய்க் கேட்டுட்டு வா லாத்தா" என்றாள் தங்கை. விடுதிகள் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. அஃப்ரினையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ. சுகமெல்லாம் அதோடு சரி. அங்கிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். நாக்கெல்லாம் புழுதி.

"இன்னாம்மா, பாப்பாவ ஓத வுடப் போறியா, படிக்க வுடப் போறியா?" என்றார் ஓட்டுநர்.

"ரெண்டுந்தான்."

"மொதல்ல இந்த லாரிக்காரன் வுடணும். நாம போய்ச் சேர்றதுக்குள்ள அது காலேஜே முடிச்சிரும்!"

அஃப்ரின் சிரித்தாள். எனக்குத் தலைவலி.

நாங்கள் போனபோது சாப்பாட்டு நேரம். சஹன் என்கிற அகன்ற தட்டைச் சுற்றி நால்வர் நால்வராகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தட்டில் மட்டும் மூன்று பேர். "ஏய், இன்னா நின்னுகினு கீற? இங்க ஒரு கை கொறையுது, வா" என்று ஒருத்தி அஃப்ரினை இழுத்து உட்கார வைத்தாள். தன் பக்கத்துச் சோற்றைத்தான் எடுக்க வேண்டும், நல்ல கறித்துண்டை அடுத்தவர் பக்கம் தள்ள வேண்டும். அங்கே முதல் பாடமே அதுதானாம். வீட்டில் கறிக்காகத் தம்பியோடு அடித்துக்கொள்ளும் அஃப்ரின் தன் துண்டைத் தள்ளிவிட்டாள். ஒரு நாளைக்கு யாரும் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்க்கக் கல்வி முடித்த ஆலிமா ஒருவர்தான் விடுதியை நடத்துகிறார். முப்பது வயதிருக்கும். களைப்பில் சுருக்கமாகக் கேட்டேன். "இங்கே படிப்பு உண்டா?"

"அதுக்குத்தானேம்மா இந்த இடமே!"

அது போதுமென்று என் போன் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். "படிப்பு இருக்கு" என்று தங்கைக்குச் செய்தி அனுப்பினேன். திரும்பும் வழியெல்லாம் அஃப்ரின் அந்த மூன்று பெண்களைப் பற்றியே பேசினாள்.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போங்கள், லாரி குறைவாம். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத வைப்பீர்களா என்று அந்தச் சொற்களிலேயே கேளுங்கள்.

மறுநாள் காலை ஆலிமா கூப்பிட்டார். "படிப்புன்னு நீங்க கேட்டது ஸ்கூல் படிப்பையான்னு அப்புறந்தாம்மா தோணிச்சு. நான் ஓதுறதச் சொன்னேன். ப்ளஸ் டூவுக்கு இந்த வருஷம் டீச்சர் கிடைக்கல. தப்பா நம்பிப் பிள்ளைய விட்டுடாதீங்க."

தங்கையிடம் சொன்னேன். மதியத்துக்குள் ராயபுரத்தில் ஒரு பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்த்துவிட்டாள். சாயங்காலம் அஃப்ரின் கூப்பிட்டாள்.

"ஏன் பெரிம்மா, அந்தத் தட்டுல இன்னும் மூணு பேர்தானே?"

கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.